உழைப்பு மட்டும் போதுமா?

சங்கங்களின் ஆண்டு விழாக்களிலும், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களிலும், தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்காகக் கூட்டப்படும் கூட்டங்களிலும் தவறாமல் சொல்லப்படும் உபதேசம் ஒன்று உண்டு. உழைத்தவன் உயர்வான், விடாது முயன்றவன் வெல்வான் என்பதே அது. இந்த உபதேசத்தின்மீது நமக்குப் பகை எதுவும் இல்லை. சோம்பலைப் புகழ்வதற்காக இப்பத்திரிகை நடத்தப்படவில்லை. ஆயினும், அதே வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் படிப்போர் நம் அங்கத்தினரிடையிலேயே பெருகி வருவதை நாம் கவலையோடு காண்கிறோம். உயர்ந்தவன் உழைத்தவன் என்றால், உயராதவன் உழையாதவன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தறியைப் பிரித்து விற்றுவிட்டு நூற்பாலைக்கு வேலைக்குப் போனவரைப் பார்த்தும், பட்டறையை மூடிவிட்டுத் திருப்பூர் வண்டி ஏறியவரைப் பார்த்தும், "முயற்சி போதவில்லை" என்று இரண்டு சொற்களில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா என்று சிறிது ஆராய்வோம்.

திண்டுக்கல் சீமையில் உழைப்புக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. மழை குறைந்த பூமி இது. மலைகள் சூழ நின்றும், சமவெளியில் கிணறுகள் வற்றிக் கிடக்கும் கோடையை நாம் எல்லோரும் அறிவோம். இந்த மண்ணில் முருங்கையும் மக்காச்சோளமும் நிலக்கடலையும் விளைவிப்பவன், வயிறு கழுவுவதற்கே மற்ற சீமைக்காரனைவிட இரண்டு பங்கு பாடுபட வேண்டியவன். நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகை பறிக்கும் குடும்பம் கோழி கூவுமுன்பே தோட்டத்தில் நிற்கிறது. சின்னாளபட்டி நெசவாளி வீட்டிலோ பாவு தோய்வது முதல் தார் சுற்றுவது வரையில் கிழவியும் சிறுமியும்கூடக் கை ஓயாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. தறியில் உட்காருகிறவன் ஒருவன் என்றால், அவன் உட்காருவதற்கு முன்னால் உழைத்தவர்கள் நால்வர். இவர்களைப் பார்த்து இன்னும் உழையுங்கள் என்று உபதேசம் செய்வது, ஓடுகிற மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவது போன்றதாகும்.

வள்ளுவர் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறாரே என்று அன்பர்கள் கேட்கலாம். உண்மை. அது அறுபத்திரண்டாம் அதிகாரம். ஆனால் அதே பொருட்பாலில், அதற்கு வெகு முன்னதாகவே, தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வரிசையாக நான்கு அதிகாரங்களை அவர் வைத்துவிட்டார். எதைச் செய்வது, யாருடைய வலிமை எவ்வளவு, எந்தக் காலத்தில், எந்த இடத்தில் என்பவற்றையெல்லாம் ஆராய்ந்த பிறகுதான் முயற்சியைப் பற்றிய பேச்சே வருகிறது. மேடைப் பிரசங்கிகள் முந்திய நான்கையும் தாண்டிக் குதித்துவிட்டு அறுபத்திரண்டில் போய் நிற்கிறார்கள். அந்த நான்கையும் பொறுமையாகக் கற்றுத் தருவது கடினம். முயற்சி செய் என்று சொல்வது எளிது.

நிற்க. நம் ஊருக்குப் பெயர் தந்த தொழிலையே எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் பூட்டு என்றால் தென்னாடு முழுவதும் அறியும். நாகல் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பூட்டுப் பட்டறைகள் இயங்கி வந்தன. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு, அலமாரிப் பூட்டு என்று வகை வகையாக அவை வெளிவந்தன. தகட்டை வெட்டி, அரத்தால் தேய்த்து, உள்ளே இருக்கும் நெம்புகள் ஒவ்வொன்றையும் அந்தப் பூட்டின் சாவிப் பற்களுக்கு மட்டும் இணங்கும்படி கையாலேயே பொருத்துகிறான் தொழிலாளி. ஒரு பூட்டுக்குச் செய்த சாவி இன்னொரு பூட்டில் நுழைந்தாலும் திரும்பாது. கோயில் கதவுக்கும் தானியக் கிடங்குக்கும் நகைப் பெட்டிக்கும் மக்கள் இப்பூட்டை நம்பியது இதனால்தான். விரல் நுனி காய்த்துப்போன அந்தக் கைகளுக்கு உழைப்பைப் பற்றி யார் பாடம் சொல்ல முடியும்?

இருந்தும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அலிகாரிலிருந்து விலை குறைந்த பூட்டுகள் வந்து குவிந்தன. கையால் ஒரு பூட்டு முடியும் நேரத்தில் இயந்திரம் ஒரு கூடை நிறையப் பூட்டுகளைக் கொட்டிவிடும். இதை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. ஆனால் அது பாதிக் காரணமே என்பது நம் கருத்து. மற்றப் பாதி பட்டறைக்குள்ளேயே இருந்தது. தகடு வாங்கப் பணம் இல்லாத தொழிலாளி வியாபாரியிடம் தகட்டைக் கடனாகப் பெற்றான்; செய்த பூட்டை அதே வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்குக் கொடுத்தான். பூட்டு எந்த ஊருக்குப் போயிற்று, யார் வாங்கினார், என்ன குறை சொன்னார் என்பது பட்டறைக்குத் திரும்பி வரவே இல்லை. சந்தையோடு பேச்சில்லாத கை எவ்வளவு திறமை உடையதாயினும் சந்தை மாறும்போது அதற்குத் தெரிவதில்லை. அவன் நேற்றைப் போலவே இன்றும், இன்றைப் போலவே நாளையும் பாடுபட்டான். விடாமுயற்சி என்ற பெயருக்கு அதைவிடப் பொருத்தமானது எது? அந்த விடாமுயற்சியே அவனை அழித்தது என்றும் சொல்லலாம்.

இதே பூட்டுத் தொழிலில் இறங்கிய இன்னொருவரின் வரலாற்றை இதன் அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் என்னும் பார்சி இளைஞர் வழக்கறிஞர் தொழிலை உதறிவிட்டு, கடன் வாங்கி, அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்யத் தொடங்கினார். கருவிகள் தரத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றை வாங்க இருந்த வெள்ளைக்கார வியாபாரி, இந்தியாவில் செய்தது என்னும் முத்திரையோடு விற்க ஒப்பவில்லை. முத்திரையை விட்டுக்கொடுக்க அர்தேஷிரும் ஒப்பவில்லை. தொழில் படுத்தது. இந்த இடத்தில் நம் மேடைப் பிரசங்கி இருந்திருந்தால், மனந்தளராதே, இன்னும் பத்து ஆண்டு அதே கருவிகளைச் செய் என்று சொல்லியிருப்பார். அர்தேஷிர் அப்படிச் செய்யவில்லை. பம்பாயில் திருட்டுகள் பெருகிவிட்டன என்ற பத்திரிகைச் செய்தி அவர் கண்ணில் பட்டதாகச் சொல்லுவார்கள். 1897-ஆம் ஆண்டில் லால்பாக் என்னும் இடத்தில் ஒரு சிறு கொட்டகையில் பூட்டுச் செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு பூட்டுக்கும் தம் பெயரை இட்டார், உத்தரவாதம் கொடுத்தார். பூட்டிலிருந்து இரும்புப் பெட்டிக்குப் போனார். முத்திரை விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். செய்யும் பொருளின் விஷயத்தில் பிடிவாதம் இல்லாதவர். எதில் விடாப்பிடியாக நிற்பது, எதை உடனே விட்டுவிடுவது என்று பிரித்தறிந்ததே அவருடைய சாமர்த்தியம் என்று நாம் கருதுகிறோம்.

நாகல் நகர்ப் பட்டறைக்காரர் அவரைவிடக் குறைவாக உழைத்தார் என்று யாராவது சொல்வார்களானால் அதை நாம் ஏற்கமாட்டோம். பம்பாய்க்காரருக்குத் தகடு வாங்கக் கடன் கிடைத்தது. தம் பெயரில் விற்கும் உரிமை இருந்தது. ஒருமுறை தோற்றால் இரண்டாம் முறை தொடங்குவதற்கு இடம் இருந்தது. நம் பட்டறைக்காரருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தனி மனிதனால் திரட்ட முடியாத இந்த மூன்றையும் பலர் சேர்ந்து திரட்டிக்கொள்வதற்குத்தான் கூட்டுறவு என்று பெயர். பூட்டுத் தொழிலாளருடைய கூட்டுறவுச் சங்கம் 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கேட்டு விண்ணப்பம் செய்தது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திண்டுக்கல் பூட்டுக்கு அக்குறியீடு கிடைத்தது. ஆறு ஆண்டுகள்! இதையும் விடாமுயற்சி என்றுதான் சொல்லவேண்டும். அரத்தைத் தேய்ப்பதில் செலவாகாமல், பெயரைக் காப்பதில் செலவான விடாமுயற்சி. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னமே இது நடந்திருந்தால் எத்தனை பட்டறைகள் பிழைத்திருக்கும் என்று எண்ணும்போது மனம் வருந்தத்தான் செய்கிறது. அந்நாளில் அத்தகைய சட்டமே நம் நாட்டில் இல்லை என்பதும் உண்மையே.

பெயரைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பிரியாணியைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். 1957-ஆம் ஆண்டில் நாகசாமி நாயுடு அவர்கள் இங்கே ஒரு சிறு கடை தொடங்கினார். அவர் கட்டியிருந்த தலைப்பாகையே கடைக்குப் பெயராயிற்று. சீரக சம்பா அரிசியை அந்தக் கடை விடவில்லை. நீண்ட அரிசி நாகரிகமாகிவிட்ட காலத்திலும் விடவில்லை. பல்லாண்டுக் காலம் இந்த ஊர்க்கடையாகவே இருந்துவிட்டு, பிறகே வெளியூர்களுக்குக் கிளை பரப்பியது. பெயரைக் காக்க நீதிமன்றம் வரையில் சென்றார்கள். இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆனால் விவசாய அங்கத்தினர்களுக்காக ஒன்றை மட்டும் கேட்டுவைக்கிறோம். அந்தச் சீரக சம்பாவை விளைவித்த உழவனின் பெயர் எந்தப் பலகையிலாவது எழுதப்பட்டிருக்கிறதா? அது கடைக்காரருடைய குற்றம் அன்று. பலகை மாட்டிக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

விவசாயிகளின் பக்கத்திலிருந்தும் ஒரு வரலாற்றைப் பார்ப்போம். சிறுமலை வாழையையும் விருப்பாச்சி வாழையையும் அறியாதவர் இப்பகுதியில் இல்லை. சிறிய பழம், கெட்டித் தோல், நாள்பட்டாலும் அழுகாத குணம், தனி மணம். பழனிப் பஞ்சாமிர்தத்தின் சுவைக்கு விருப்பாச்சிப் பழம் எவ்வளவு காரணம் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலைகளிலும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் காப்பிச் செடிகளுக்கு இடையே இந்த வாழை நின்றது. 1970-களில் முடிக்கொத்து நோய் பரவித் தோட்டங்களை வாரிக்கொண்டு போயிற்று. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகச் சேர்ந்து நிற்கும், அந்த மரம் குலை தள்ளாது, தள்ளினாலும் பயன்படாது.

அப்போது மலை விவசாயி என்ன செய்தான்? கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பட்ட மரத்தை வெட்டினான். பக்கத்துக் கன்றைத் தோண்டி எடுத்து மறுபடியும் நட்டான். அதுவும் பட்டது. மறுபடியும் நட்டான். தன் தோட்டத்தில் கன்று போதாதபோது பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாங்கி நட்டான். மலைமேல் கன்றுகளைச் சுமந்து ஏறி நடுவது எவ்வளவு கடுமையான வேலை என்பது ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நோய் ஒரு நச்சுயிரியால் வருவது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி அதை மரத்துக்கு மரம் எடுத்துச் செல்லும். நோய்ப்பட்ட மரத்தின் கன்று பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நோயை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். ஆகவே, அவன் விடாமல் நட்ட ஒவ்வொரு கன்றும் நோயையே நட்டது. உழைப்பு அதிகமாக அதிகமாக அழிவும் அதிகமாயிற்று. முயற்சி உடையவன் கெடமாட்டான் என்று நம்பியிருப்பவர்கள் இந்த ஒரு வரலாற்றை நின்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

இதற்குப் பரிகாரம் என்னவென்று விஞ்ஞானிகள் சொன்னதும் எளியதுதான். நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழித்துவிட வேண்டும். நச்சுயிரி இல்லை என்று சோதித்துத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கிய கன்றையே நட வேண்டும். கேட்பதற்கு எளிது. செய்வதில் சிக்கல் எங்கே என்றால், ஒருவன் மட்டும் செய்து பயனில்லை. நான் என் தோட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டேன். பக்கத்துத் தோட்டக்காரர், பத்து மரம்தானே என்று விட்டுவைத்தார் என்றால், அசுவினி வரப்பைப் பார்த்துத் திரும்பிப் போகப்போவதில்லை. ஒரு மலைச்சரிவில் உள்ள அத்தனை பேரும் ஒரே காலத்தில் உடன்பட்டுச் செய்தால்தான் உண்டு. மலை வாழை விவசாயிகள் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பைக் கண்டதன் அவசியம் இதுவே. விருப்பாச்சி மலை வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-ஆம் ஆண்டு வாக்கில் புவிசார் குறியீடு கிடைத்ததும் அக்கூட்டமைப்பின் முயற்சியாலேயே ஆகும். பழைய பரப்பு முழுவதும் திரும்பி வந்துவிடவில்லை. ஆயினும் வாழை அழிந்துபோகவில்லை.

நெசவாளர்களுக்கு இது புதிய பாடம் அன்று. சின்னாளபட்டியார் பருத்திச் சுங்குடியோடு நின்றுவிடாமல், காலம் மாறியபோது செயற்கைப் பட்டுக்கு மாறினார்கள். சின்னாளபட்டுச் சேலை என்று தமிழ்நாடு முழுவதும் பேர் வாங்கினார்கள். பின்னர் விசைத்தறி அதையும் பிடித்துக்கொண்டது. ஒருமுறை மாறியவர்கள் இரண்டாம் முறை மாறத் தடுமாறியதற்குக் கையில் முதல் இல்லாமையே பெருங்காரணம் என்று நாம் எண்ணுகிறோம். சேலையிலும் வேட்டியிலும் கைத்தறிக்கென்று சில வகைகளை ஒதுக்கி 1985-ஆம் ஆண்டில் சட்டமே செய்யப்பட்டது. சட்டம் இருக்கிறது, அதை மீறி நெய்வதைப் பிடித்துக் கொடுக்கும் வேலையைத் தனி நெசவாளி ஒருவன் செய்ய முடியுமா?

கடல் கடந்த ஒரு வரலாற்றையும் சொல்லவேண்டும். கூட்டுறவுப் பயிற்சி வகுப்பில் படித்தவர்களெல்லாம் ராச்டேல் முன்னோடிகளின் கதையை அறிவார்கள். இங்கிலாந்தில் மாஞ்செஸ்டருக்கு அருகே உள்ள ஊர் அது. ஃபிளானல் என்னும் கம்பளித் துணி நெய்தவர்கள் மிகுந்த ஊர். கூலி உயர்வு கேட்டுத் தோற்ற நெசவாளர்களும் வேறு சில தொழிலாளர்களும் வாரந்தோறும் சில பென்ஸ் சேர்த்து, 28 பேர் 28 பவுன் முதலோடு, 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி மாலையில் டோட் லேன் என்னும் சந்தில் ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. தெருப் பையன்கள் கூடி நின்று கேலி செய்தார்கள். அந்தக் கடையிலிருந்து கூட்டுறவு இயக்கம் உலகெங்கும் கிளைத்தது. இதுவரையில் எல்லோரும் சொல்வார்கள்.

நாம் சொல்ல விரும்புவது அதற்கு முந்திய கதை. அதே ஊரில், அதே டோட் லேனில், 1833-ஆம் ஆண்டிலேயே நெசவாளர்கள் ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். அது 1835-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அந்த நெசவாளர்களிடமும் உழைப்பு இருந்தது, உற்சாகம் இருந்தது, பசியும் இருந்தது. கடனுக்குச் சரக்குக் கொடுத்தார்கள். கடை கடனில் மூழ்கிற்று. ஒன்பது ஆண்டுகள் கழித்துத் திறந்தவர்கள் முந்தியவர்களைவிட உத்தமர்களும் அல்லர், பலசாலிகளும் அல்லர். ரொக்கத்துக்கு மட்டுமே விற்பது என்று விதி வகுத்தார்கள். சரக்கில் கலப்படம் இல்லை, எடையில் குறைவு இல்லை என்று வகுத்தார்கள். பங்குத்தொகைக்கு அளவான வட்டி. மிஞ்சிய லாபம் அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கு ஏற்ப என்று வகுத்தார்கள். மறு ஆண்டே அங்கத்தினர் தொகை 74 ஆயிற்று. 1860-ஆம் ஆண்டுக்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்டுவிட்டது. ஒரே ஊர், ஒரே சந்து, ஒரே தொழில். விதிதான் வேறு.

நம் சங்கங்களின் நிலைமையை இங்கே சிறிது திறந்து பேசவேண்டியிருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடனுக்குத் துணி கொடுத்துவிட்டு, சித்திரையிலிருந்து ஆவணி வரையில் வசூலுக்கு அலையும் சங்கங்கள் எத்தனை? நிலுவை வராததால் அங்கத்தினருக்கு நூல் கொடுக்க முடியாமல் தறிகள் வாரக்கணக்கில் நின்ற சங்கம் ஒன்றை நாம் நேரில் அறிவோம். தறி நின்ற வீட்டில் நெசவாளி வெளியாரிடம் நூல் வாங்கினார்; துணியை அவருக்கே கொடுத்தார். சங்கத்துக்குத் துரோகம் செய்தார் என்று அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். அடுப்பு எரிய வேண்டிய மனிதன் வேறு என்ன செய்வான் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கடன் கொடுக்காவிட்டால் விற்பனையே நடக்காது என்று நிர்வாகஸ்தர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. மாதச் சம்பளக்காரர்கள் தவணையில் வாங்கப் பழகிவிட்டார்கள். ஆனால் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டும் ஏற்பாட்டோடு தரும் தவணை வேறு, முகத்தாட்சண்யத்துக்காகத் தரும் கடன் வேறு. முந்தியது வியாபாரம், பிந்தியது நெசவாளியின் கூலியை எடுத்து மற்றவருக்குத் தானம் செய்வது.

ஒட்டன்சத்திரம் சந்தையைப் பாருங்கள். தமிழ்நாட்டின் காய்கறிச் சந்தைகளில் பெரியவற்றுள் ஒன்று அது. கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கள் போகின்றன. தக்காளியும் முருங்கையும் கொண்டு வருகிற விவசாயிகளில் பலர் விதைப்புக் காலத்திலேயே கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியவர்கள். முன்பணம் வாங்கியவன் எந்த மண்டிக்குக் காயைக் கொண்டுபோவது என்பதைத் தானே தீர்மானிக்க முடியாது. அவன் உழைப்பு சந்தை வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு அப்பால் நடப்பது வேறொருவருடைய காரியம். மண்டிக்காரர்களை நாம் திட்டவில்லை. ஆபத்துக் காலத்தில் கையில் பணம் வைப்பவர் அவர்தான். நம் கடன் சங்கம் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொல்லும்போது, அவர் அந்தக் கணமே எண்ணிக் கொடுக்கிறார். அந்த வேகத்தை நாம் கற்றுக்கொள்ளாமல் அவரைக் குறை கூறிப் பயன் என்ன?

ஆகவே, தறியிலும் வயலிலும் பட்டறையிலும் உள்ள உழைப்பு போதுமானது. போதாமல் இருப்பது சங்கத்தின் உழைப்பு என்று துணிந்து சொல்லுகிறோம். பொதுக்குழுவுக்கு வந்து கணக்கைக் கேட்பது ஓர் உழைப்பு. எந்தக் கரை, எந்த வண்ணம், எந்த ஊரில் விலைபோகிறது என்று விசாரித்து நெசவாளியிடம் வந்து சொல்வது ஓர் உழைப்பு. கடன் கேட்டு வரும் பெரிய மனிதரிடம் இல்லை என்று சொல்வது மிகப் பெரிய உழைப்பு. இவற்றில் வியர்வை சிந்துவதில்லை. ஆகையால் யாரும் இவற்றை உழைப்பாகக் கணக்கிடுவதில்லை. கோரம் இல்லாமல் ஒத்திவைக்கப்படும் பொதுக்குழுக்களைப் பார்த்தபின், தறியில் பன்னிரண்டு மணி நேரம் உட்காரும் நம் மக்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பகல் நேரம் உட்காருவதற்கு ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்று வியப்பாக இருக்கிறது. தங்கள் பேச்சு எடுபடாது என்ற எண்ணமே காரணம் என்றால், அதை மாற்ற வேண்டிய பொறுப்பு நிர்வாகக் குழுவைச் சேர்ந்தது.

இன்னொரு விஷயம் அவசரமானது. பூட்டுக்குக் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் அரம் பிடிக்கும் கைகளில் பெரும்பாலானவை முதிய கைகள். பட்டறைக்காரரின் மகன் பட்டறைக்கு வருவதில்லை. தகப்பனாரே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். நெம்பு பொருத்தக் கற்பதற்கு ஆண்டுகள் பிடிக்கும்; கற்கும் காலத்தில் கூலி இல்லை. பதினெட்டு வயதுப் பையனிடம் விடாமுயற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே, அவன் வீட்டுச் செலவுக்கு வழி சொல்லாமல் இருப்பது நியாயம் ஆகாது. சின்னாளபட்டியில் சுங்குடி முடிச்சுப் போடத் தெரிந்த பெண்களின் நிலையும் இதுவே. ராச்டேல்காரர்கள் தங்கள் கடை நிலைபெற்றபின், லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கினார்கள். அவர்களும் பணக்காரர்கள் அல்லர். நம் சங்கங்களும் லாபத்திலிருந்து கல்வி நிதிக்கும் பொதுநல நிதிக்கும் தொகை ஒதுக்கத்தான் செய்கின்றன. பொதுநல நிதி பெரும்பாலும் விழாப் பந்தலுக்கும் நினைவுப் பரிசுக்கும் போய்விடுகிறது. அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு நெசவாளர் சங்கமும், கைத்தொழிலாளர் சங்கமும் அந்த நிதியிலிருந்து குறைந்தது இரண்டு இளைஞர்களுக்கு, தொழில் பழகும் காலம் முழுவதும் மாதாமாதம் உதவித்தொகை கொடுப்பதென்று தீர்மானம் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். தீர்மானத்தை எழுதித் தர உதவி வேண்டுவோர் நம் அலுவலகத்துக்கு எழுதலாம். பந்தலுக்கு என்ன செய்வது என்று கேட்கிறவர்கள், விழாவை வேப்பமரத்தடியில் நடத்திக்கொள்ளட்டும்.